பென்டிமென்ட்: எங்கே நிமிர்கிறது, எங்கே தொய்கிறது? (முதல் இரண்டு அங்கங்களின் ஸ்பாய்லர் உண்டு)

#1 பனையேடு

அப்சிடியன் கூடம் உருவாக்கி 2022 நவம்பர் 15 அன்று வெளிவந்த பென்டிமென்ட் என்ற கேம் பற்றி இங்கே நாலைந்து இழைகளில் சிதறலாகப் பேச்சு ஓடுகிறது. ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று இதைத் தொடங்குகிறேன். எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் ஆள் யார் என்பதை மட்டும் யாரும் எழுத வேண்டாம். மற்றபடி முதல் இரண்டு அங்கங்களின் கதை தாராளமாக வரும். இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள்.

களம்: பவேரிய ஆல்ப்ஸ் அடிவாரத்தில் டாசிங் என்ற கற்பனை ஊர். மலைமேல் கீர்சாவ் மடம். கதை 1518, 1525, 1543 என மூன்று காலங்களில் நடக்கிறது. முதல் இரண்டிலும் நாம் நூரம்பர்கைச் சேர்ந்த ஓவியன் அண்ட்ரேயாஸ் மாலர். மடத்தின் ஏடெழுதும் கூடத்தில் கூலிக்குப் படம் வரைகிறான். பாரன் (பிரபு) லோரென்ஸ் ரோட்ஃபோகல் அங்கே கொலையாகிறார், கத்தியோடு நின்ற முதிய துறவி பியரோ பிடிபடுகிறார். பியரோ செய்திருக்க மாட்டார் என்று நம்பும் அண்ட்ரேயாஸ், திருச்சபை அதிகாரியான ஆர்ச்டீக்கன் வந்து தீர்ப்புச் சொல்வதற்குள் வேறொருவர் மேல் ஆதாரம் திரட்ட வேண்டும்.

என் கணக்கில் இந்த கேமின் பெரிய பலம் நேரப் பங்கீடு. ஊரைச் சுற்றுவதும் பேசுவதும் இலவசம். ஆனால் ஒரு தடயத்தை முழுக்கத் துரத்தினால் பொழுது நகர்ந்துவிடும். லக்கி ஷ்டைனவர், ஒட்டீலியா கெம்பரின், பிரையர் (மடத்தில் மடாதிபதிக்கு அடுத்தவர்) ஃபெரென்ஸ், சிஸ்டர் மட்டில்டா என்று சந்தேகத்துக்குரியவர்கள் நான்கு பேர். நால்வரையும் முழுதாகத் துருவ நேரம் கிடைக்காது. ஆகவே எப்போதுமே அரைகுறை ஆதாரத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு உயிரைக் கைகாட்டுகிறோம். கைகாட்டியபின் தண்டனை நிறைவேறுவதையும் நம் கண்முன் நடத்திக் காட்டுகிறார்கள்.

பெரிய பலவீனமும் இதே இடத்தில்தான் முளைக்கிறது. மூன்றாம் அங்கத்தில் இந்த நெருக்கடியை எடுத்துவிட்டார்கள். அது போனதும் கேம் தளர்கிறது.

#2 கட்டைவிரல்

மூணாவது அங்கம் வரைக்கும் போறவங்க எத்தனை பேர்னு முதல்ல கேளுங்க. முதல் ரெண்டு மணி நேரத்துல என்ன நடக்குது? எழுந்திரி, காலைச் சாப்பாடு, மடத்துக்கு நட, வரை, திரும்பி நட, தூங்கு. கொலை விழறதுக்குள்ள பாதிப் பேர் அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடறாங்க.

நடை இன்னொரு தலைவலி. ஃபாஸ்ட் டிராவல் கிடையாது. ஊர்லேர்ந்து மடத்துக்குப் போக ஒவ்வொரு ஸ்க்ரீனா தாண்டணும், ஒவ்வொண்ணுக்கும் ஏடு புரளும் அனிமேஷன். முதல் தடவை அழகு, இருபதாவது தடவை எரிச்சல். மேப்பை ஜர்னல்ல காட்டறீங்கல்ல, அதுல ஒரு இடத்தைத் தொட்டா அங்க கொண்டுபோய் விட்டா என்ன குறைஞ்சிடும்?

வாய்ஸ் ஆக்டிங் இல்லை. பதினஞ்சு இருபது மணி நேரம் வாசிச்சுக்கிட்டே இருக்கணும். இதை அட்வென்ச்சர் கேம்னு வித்தா கோபம் வரத்தான் செய்யும்.

#3 மைக்கூடு

> வாய்ஸ் ஆக்டிங் இல்லை

குரல் போட்டிருந்தால் இந்த கேமின் பாதி செத்திருக்கும். எழுத்துதான் இங்கே குரல்.

ஒவ்வொருவர் பேச்சும் அவர் கல்விக்கும் வர்க்கத்துக்கும் ஏற்ற எழுத்துருவில் வருகிறது. குடியானவருக்குக் கரடுமுரடான கையெழுத்து. மடத்தாருக்குக் கூரிய, அடர்ந்த கோதிக் எழுத்து. இத்தாலியப் படிப்பு வாசம் பட்டவர்களுக்கு உருண்டையான ஹியூமனிஸ்ட் எழுத்து. அச்சகம் நடத்தும் கிளாவ்ஸ் ட்ருக்கர் பேசினால் இறகுப்பேனாக் கீறல் கேட்காது, அச்சு இறங்கும் ஓசைதான் கேட்கும். வரைந்தவர்கள் லெட்டர்மேட்டிக் என்ற எழுத்துருக் கூடம்.

சின்ன விஷயங்களைக் கவனியுங்கள். பேசுபவர் கோபப்பட்டால் மை தெறிக்கும். சில சொற்கள் பிழையாக விழுந்து, சுரண்டப்பட்டு, மறுபடி எழுதப்படும். கடவுளின் பெயர் வரும் இடம் முதலில் காலியாக நிற்கும், வாக்கியம் முடிந்தபின் சிவப்பு மையில் அது நிரம்பும். ஏடுகளில் சிவப்பெழுத்தைத் தனியாகப் பிறகு இட்டார்கள் என்பதிலிருந்து எடுத்தது. படிக்காதவர் என்று நினைத்த ஒருவர் படித்தவர் என்று அண்ட்ரேயாஸுக்குத் தெரியவந்தால், பேச்சு நடக்கும்போதே அவருடைய எழுத்துரு மாறும். அப்படியானால் அதுவரை நாம் பார்த்தது அவரை அல்ல, அவரைப் பற்றி அண்ட்ரேயாஸ் வைத்திருந்த எடையை. வசனமே இல்லாமல் ஒரு பாத்திரத்தின் மேட்டிமையை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கேம் வேறு எனக்குத் தெரியாது.

இதிலும் குறை உண்டு. மடத்து கோதிக்கில் நெடுங்கோடுகள் நெருங்கி நிற்பதால் கண் சீக்கிரம் சோரும். கையடக்கத் திரையில் இன்னும் மோசம். செட்டிங்ஸில் எளிதாக வாசிக்கும் எழுத்துரு இருக்கிறது, ஆனால் அதைப் போட்டால் மேலே சொன்ன நுட்பத்தில் பெரும்பகுதி மங்கிவிடும். எழுத்தின் அளவை மட்டும் கூட்டி, வேகத்தை ஏற்றி வைப்பது நடுவழி.

#4 தடயம்

நேரப் பங்கீட்டைப் பற்றிப் பனையேடு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் கீழே ஓடும் இணக்க வைக்கும் முறையில்தான் உண்மையான ஓட்டை இருக்கிறது.

முக்கியமான இடத்தில் ஒருவரை இணங்க வைக்க வேண்டும் என்றால், அவரிடம் அதற்குமுன் பேசியவற்றில் எவை சாதகம், எவை பாதகம் என்று வரிசையாகக் காட்டி, கூட்டிக் கழித்து முடிவு சொல்லும். பகடை கிடையாது. இதுவரை நல்லது. சிக்கல் என்னவென்றால், 'இது நினைவில் இருக்கும்' என்ற அறிவிப்பு நீங்கள் பதிலைத் தேர்ந்த பிறகுதான் வரும். விளையாட்டாகச் சொன்ன ஒரு வரி இரண்டு நாள் கழித்து உங்கள் காலை வாரும். நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் முடியாது, ஆட்டோசேவ் மட்டும்தான். பின்னால் போய்த் திருத்தும் வழியை வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள்.

இதைச் சமாளிக்க வேண்டுமென்றால்: எதிராளி எதை மதிக்கிறார் என்று பாருங்கள், உங்களுக்கு எது சரி என்று பட்டதை அல்ல. பட்டினி கிடப்பவரிடம் திருமறை விளக்கம் எடுபடாது. அண்ட்ரேயாஸின் படிப்பில் இறையியலைத் தேர்ந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். அந்தப் படிப்பு தரும் பதில்கள் அடைப்புக்குறியோடு தனியாகத் தெரிவதால் 'ஸ்பெஷல் ஆப்ஷன், கண்டிப்பா நல்லது' என்று கை தானாகப் போகும். பல இடங்களில் அது உபதேசமாக ஒலித்துக் கதவைச் சாத்திவிடும். சட்டமும் இதே ரகம். அபாட்டிடம் (மடாதிபதியிடம்) சட்டம் பேசினால் வாதத்தில் ஜெயிக்கலாம், காரியம் நடக்காது.

மருத்துவம் எடுத்தால் முதல் அங்கத்தில் பிணத்தைப் பார்க்கும்போது காயத்தைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்துகொள்ளலாம். உடனடிப் பலன் என்றால் அதுதான். லத்தீன் எடுத்தால் மடத்து நூலகத்தில் பயன். பேச்சாளன் என்ற தேர்வை நம்பி இறங்காதீர்கள், பெயர்தான் பெரிது.

இன்னொன்று: சாப்பாட்டு அழைப்புகளைத் தவறவிடாதீர்கள். யார் வீட்டில் உண்பது என்று தேர்வதே ஒரு தடயத் தேர்வு. தட்டில் எந்தப் பண்டத்தை எடுக்கிறோம் என்பது வெறும் அலங்காரம், ஆனால் அந்த மேசையில் நடக்கும் பேச்சு வேறெங்கும் திரும்ப வராது.

#5 கட்டைவிரல்

> பின்னால் போய்த் திருத்தும் வழியை வேண்டுமென்றே அடைத்திருக்கிறார்கள்

சரி, அடைச்சாங்க. கடைசியில நான் பிடிச்சுக் கொடுத்த ஆள்தான் கொலைகாரனான்னு கேம் சொல்லுதா? சொல்லாது. ரெண்டாவது கொலைக்கும் சொல்லாது. அப்ப துப்பறியறதுக்கு என்ன மரியாதை? நான் நல்லாத் துப்பறிஞ்சேனா, சொதப்பினேனான்னு அளக்க ஒரு அளவுகோலே இல்லை.

எதைப் பண்ணினாலும் 1525-ல மடம் எரியத்தான் போகுது. கதையோட பெரிய எலும்பு ஒண்ணுகூட அசையாது.

#6 பனையேடு

கட்டைவிரல், இந்தக் கேள்விக்காகத்தான் இழையைத் தொடங்கினேன்.

இயக்குநர் ஜோஷ் சாயர் குழு 'சரியான விடை'யை வைக்காமல் விட்டது சோம்பலால் அல்ல. விடை இருந்திருந்தால் முதல் ஆட்டம் முடிந்த மறுநாளே இணையத்தில் குற்றவாளியின் பெயர் ஓடியிருக்கும். அதன்பின் நேரப் பங்கீடு வெறும் தடை ஓட்டம், உங்களைக் குத்துவதற்கு அதில் ஒன்றும் மிஞ்சாது. விடை இல்லாததால் 'யார் செய்தது' என்ற கேள்வி மெதுவாக நகர்ந்து 'யாரை இழக்க இந்த ஊரால் முடியும்' என்று ஆகிறது. மட்டில்டாவுக்கு பாரன் செய்த கொடுமை தெரிந்தபின், ஆதாரம் அவருக்கு எதிராக இருந்தாலும் அதை ஆர்ச்டீக்கன் முன் வைக்காமல் மறைப்பவர்களே அதிகம் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். எந்தச் சான்றை எடுத்து வைப்பது, எதை விழுங்குவது என்ற தேர்வு அந்த விசாரணைக் காட்சியில் இருக்கிறது அல்லவா, அதுதான் இந்த கேமின் உச்சம்.

மடம் எரிவது மாறாது, சரி. மாறுவது ஊரின் உள்ளே. 1518-ல் நீங்கள் கைகாட்டியவரின் வீட்டார் 1525-ல் உங்களை எப்படிப் பார்க்கிறார்கள், எந்தக் குழந்தை வளர்ந்து யார் ஆனது, எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்பதில் தெரியும். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: இந்த மாற்றங்களில் பாதி ஒரு வரி வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. பதின்மூன்று பேர் அளவிலான குழு, அவ்வளவுதான் முடிந்திருக்கும். ஆடுபவருக்கு அது சமாதானம் ஆகாது.

#7 இரண்டாம்_அமைச்சர்

வரலாற்றுப் பக்கத்தை யாரும் தொடவில்லை, தொடுகிறேன்.

காலத் தேர்வு அபாரம். திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூதரின் 95 கருத்துரைகள் 1517 அக்டோபர் 31. கதை தொடங்குவது அடுத்த வருடம். அதனால் லூதர் இங்கே ஒரு புரட்சியாளர் அல்ல, வழிப்பேச்சில் அடிபடும் ஒரு வம்பு. பின்னால் என்ன ஆகப்போகிறது என்று தெரிந்த நம்மைத் தவிர யாருக்கும் அது பெரிதில்லை. வரலாற்றுக் கதைகளில் பலரும் சறுக்கும் இடம் இது. பாத்திரங்கள் தாங்கள் பாடப்புத்தகத்தில் இருப்பது தெரிந்தவர்கள்போலப் பேசுவார்கள். டாசிங்கில் அப்படி யாரும் பேசுவதில்லை.

1518-ல் ஏடெழுதும் கூடமா என்று கேட்பவர்கள் உண்டு. அச்சில் குட்டன்பர்க் பைபிள் 1455 வாக்கிலேயே வந்தாயிற்று. ஆனால் கையெழுத்து ஏடுகள் அந்த நாளோடு நின்றுவிடவில்லை. ஷ்போன்ஹைம் மடாதிபதி டிரிதெமியுஸ் 1492-ல் ஏடெழுதுவோரைப் புகழ்ந்து ஒரு நூல் எழுதினார். இரண்டு வருடத்தில் அதையே அச்சுக்கும் கொடுத்தார். கீர்சாவ் அந்த இரட்டை வாழ்க்கையின் கடைசிக் காலத்தில் இருக்கிறது. கேமிலும் அது காலம் கடந்த தொழில் என்றே காட்டப்படுகிறது.

ஆணும் பெண்ணும் ஒரே வளாகத்தில் இருக்கும் பெனடிக்ட் சபை மடம் என்பது அந்தக் காலத்துக்கு ரொம்பப் பழசு. பவேரியாவில் அப்போது இரட்டை மடம் உண்டுதான், ஆல்டோமுன்ஸ்டர். ஆனால் அது பிரிஜிட் சபையினுடையது. இந்தச் சுதந்திரத்தை எடுத்தது கதைக்கு லாபம், இல்லாவிட்டால் மட்டில்டா முதலானோர் கதைக்குள் வர வழியே இல்லை.

என் உண்மையான குற்றச்சாட்டு இரண்டாம் அங்கத்தின் மேல். பிரபுக்களையும் மடங்களையும் எதிர்த்து எழுந்த 1525 குடியானவர் போர் தென்மேற்கு ஜெர்மனி, ஃபிராங்கோனியா, துரிங்கியா, ஆல்ப்ஸ் பகுதிகளில் கொழுந்துவிட்டு எரிந்தது. பவேரிய டியூக் ஆட்சிப் பகுதியோ ஏறக்குறைய முழுவதுமாக அதிலிருந்து தப்பியது. அந்த ஊரிலா கலவரம் என்று கேட்கத் தோன்றும்.

#8 தடயம்

அமைச்சரே, கெம்ப்டன்? இன்றைய பவேரியா மாநிலத்துக்குள்தானே வருகிறது?

#9 இரண்டாம்_அமைச்சர்

வருகிறது, நல்ல மறுப்பு. கெம்ப்டன், மெம்மிங்கன் இரண்டும் இன்றைய பவேரியாதான். ஆனால் அன்று அவை ஸ்வாபியா, டியூக்கின் பவேரியா அல்ல. கெம்ப்டன் மடத்தின் குடிகளுக்கும் மடாதிபதிக்கும் பல தலைமுறைச் சண்டை, எழுச்சி அங்கே பலமாக வேர்விட்டது. டாசிங்குக்கு உண்மையான மூலமாதிரி தேடினால் நான் கெம்ப்டன் பக்கம்தான் கைகாட்டுவேன். ஊரை அறுபது எழுபது மைல் மேற்கே தள்ளி வைத்திருந்தால் என் வாய் அடைந்திருக்கும்.

புகார்களின் உள்ளடக்கத்தில் குறை சொல்ல முடியாது. மெம்மிங்கனில் 1525 மார்ச்சில் எழுதப்பட்ட பன்னிரண்டு கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். போதகரை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும். தானியத்தில் பத்தில் ஒரு பங்கைப் போதகருக்கும் ஏழைகளுக்கும் கொடுப்போம், கால்நடைகள் மீதான சிறு வரியைக் கட்ட மாட்டோம். அடிமைக் குடித்தனம் ஒழிய வேண்டும். காட்டு விறகும் ஆற்று மீனும் எல்லோருக்கும் வேண்டும். குடும்பத் தலைவர் செத்தால் விதவையிடம் பிடுங்கும் சாவு வரி கூடாது. ஒட்டீலியா கதையையும், காட்டை அடைத்த அபாட் கெர்னோட்டின் கதையையும் இதன் பக்கத்தில் வைத்தால் எழுதியவர்கள் எதைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்கள் என்று தெரியும். அந்தக் கோரிக்கைகள் இரண்டே மாதத்தில் சுமார் 25,000 பிரதிகள் அச்சாயின என்பது கணிப்பு. கிளாவ்ஸின் அச்சகத்தை ஊரின் நடுவில் வைத்ததற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

முடிவில் ஊர்க்காரர்கள் என்ன ஆகிறார்கள் என்பதும் சரியான அளவில் இருக்கிறது. 1525 மே 15-ல் ஃபிராங்கன்ஹவுசனில் குடியானவர் படைக்கு நடந்தது போர்கூட அல்ல, படுகொலை. கேம் அந்தப் பெரிய களத்தைக் காட்டவில்லை, ஒரு ஊரை மட்டும் காட்டுகிறது. அது போதும்.

#10 மைக்கூடு

எத்தியோப்பியத் துறவி செபாத்தை மறந்துவிட்டீர்கள் அமைச்சரே. ஐரோப்பிய மத்திய காலத்தில் கறுப்பர் எங்கே வந்தார் என்று சிலர் குதித்தார்கள். ரோமில் வத்திக்கானை ஒட்டி எத்தியோப்பியத் துறவிகளுக்கென்றே பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து ஒரு கோவில் இருந்தது. அவர் ஊர்க்காரர்களுக்கு பைபிள் கதை சொல்லும்போது திரையின் ஓவியமே எத்தியோப்பிய ஏட்டுப் பாணிக்கு மாறும். பார்த்துப் பழகிய ஐரோப்பிய முகங்கள் விலகி வேறு கண்களோடு அதே கதை வருகிறது. முழு கேமிலும் ஒரே ஒரு காட்சியைக் காட்டச் சொன்னால் இதைக் காட்டுவேன்.

அடிக்கோடிட்ட சொல்லைத் தொட்டால் காட்சி பின்வாங்கி, நாம் ஆடுவது ஒரு ஏட்டின் பக்கம் என்று தெரிந்து, ஓரத்தில் விளக்கம் வருவதையும் சொல்ல வேண்டும். 'டைத்', 'பிரையர்' என்று புரியாத சொல் வந்தால் வெளியே தேட வேண்டாம்.

#11 கட்டைவிரல்

செபாத் சீன் நல்ல சீன், மறுக்கலை. ஆனா அது வரைக்கும் கம்பளி நூத்தது, மாவுல பலகாரம் வெட்டினது எல்லாம் எதுக்கு? மினிகேம்னு பேர், தோக்கவே முடியாது. கையை அசைக்கணும்னு ஒரு சாக்கு.

#12 தடயம்

அந்த வேலைகள் சவாலுக்காக இல்லை, பேச்சை ஓட்ட. நூற்கும்போது பெண்கள் பேசுவதுதான் ஊர் வம்பின் மூலம். ஆனால் சில இடங்களில் கையும் பேச்சும் போட்டி போடுகின்றன. வசனத்தை வாசிப்பதா குச்சியைச் சுழற்றுவதா என்று ஆகிவிடுகிறது. அது வடிவமைப்புப் பிழைதான்.

பனையேடு முதலில் எழுப்பிய மூன்றாம் அங்கத்துக்கு வருகிறேன். அங்கே நாம் கிளாவ்ஸின் மகள் மக்தலேனா. ஊர் மன்றச் சுவரில் டாசிங்கின் வரலாற்றைப் படமாகத் தீட்ட வேண்டும். ஒவ்வொரு சட்டகத்துக்கும் எதை வரைவது என்று விசாரித்துத் தேர்வோம். யோசனை பிரமாதம்: முதல் இரண்டு அங்கங்களில் நாம் செய்ததை ஊர் எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்று நாமே தீர்மானிக்கிறோம். ஆனால் தவறான சட்டகம் என்று ஒன்று இல்லை. 1525 எழுச்சியை எப்படி வரைந்தாலும் யாரும் உங்கள் கையைப் பிடிப்பதில்லை, முணுமுணுப்போடு சரி. உயிர்போகும் தேர்வுகளுக்குப் பழகிய கைக்கு இது இலேசாக இருக்கிறது. தூரிகையைத் தூக்கி எறியச் சொல்லி மன்றம் மிரட்டும் ஒரே ஒரு காட்சி இருந்திருந்தால் எடை ஏறியிருக்கும்.

#13 பனையேடு

அதோடு, மர்மத்தின் முடிச்சு அவிழும் இடம் ஒரே மூச்சில் நீண்ட உரையாடலாகக் கொட்டப்படுகிறது. இரண்டு அங்கங்களாக, கொலைகளைத் தூண்டிய அநாமதேயச் சீட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தவரிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் விடையைக் கையில் திணிக்கிறார்கள். சீட்டின் தாளையும் மையையும் கையெழுத்தையும் ஒப்பிட்டு நாமே பெயரைச் சொல்லும்படி வைத்திருக்கலாம். எழுத்துருக்களை இவ்வளவு நுணுக்கமாகச் செய்த குழு, கையெழுத்தைத் தடயமாக்கி ஆடுபவரின் கையில் கொடுக்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

#14 புதுசு_கண்ணா

வணக்கம் அண்ணன்மாரே. ஸ்பாய்லர் பகுதியைத் தாண்டிக் குதித்து வந்தேன். பழைய லேப்டாப்தான் இருக்கு, இங்கிலீஷ் சுமாரா வாசிப்பேன். ஆரம்பிக்கலாமா? எதை மாத்திட்டு ஆரம்பிக்கணும்?

#15 மைக்கூடு

லேப்டாப் பற்றிக் கவலை வேண்டாம் தம்பி, முழுக்க இருபரிமாணப் படம், பழைய பெட்டியிலும் ஓடும். தமிழ் கிடையாது. ஆங்கிலம் சுமார் என்றால் முதல் மணி நேரம் எளிய எழுத்துருவைப் போட்டு ஆடுங்கள், ஆட்கள் பழகியதும் அசல் எழுத்துருவுக்கு மாறுங்கள். எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். வாசித்துக் காட்டும் வசதியும் செட்டிங்ஸில் உண்டு. இயந்திரக் குரல்தான், ஆனாலும் கைகொடுக்கும்.

#16 தடயம்

ஜர்னலில் ஆட்கள் பக்கத்தை அடிக்கடி திறந்து பாருங்கள். பெயர்கள் ஏராளம், ஏழு வருடம் கழித்து எல்லோரும் வளர்ந்தும் நரைத்தும் வருவார்கள். கொலை விழுந்ததும் நாலு பேரையும் துரத்தாமல் இரண்டு பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நாலிலும் கால் வைத்தால் விசாரணையன்று ஒருவர் மேலும் உருப்படியாக ஒன்றும் இருக்காது, பழி பியரோ தலையிலேயே விழும்.

#17 கட்டைவிரல்

தம்பி, கொலை வரைக்கும் ஒரே மூச்சுல ஆடிடு. நடுவுல நிறுத்தினா மறுநாள் திறக்க மாட்டே.